பின் பிரேக்கும் என் எடையும்

அன்பு மகள் உல்ஃபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மொண்ட்ரியால் குளிரில் நீயும் மருமகனும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே ஸகுவானில் நானும் வாப்பாவும் கை கால் முழுசாக நலம். கை காலை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று பதறாமல் கடைசிவரை படி. போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் கடிதம்.

வாப்பாவின் மோட்டார் சைக்கிளை விற்கச் சொல்லி நீ அழுதாயே, கடைசியில் அப்படியே ஆகிவிடும் போலிருந்தது. ஆலிவ் மூட்டைகளோடு நான் மலைமேல் செக்குக்கு வேனில் போவேன், வாப்பா வண்டியில் வருவார், திரும்பும்போது எண்ணெய்க் கேனை வண்டியின் வலப்பக்கம் கட்டிவிட்டு நானும் பின்னால் ஏறிக்கொள்வேன். முதல் நடையில் இறக்கத்தில் பின் பிரேக்கை மிதிக்கிறார், மிதிக்கிறார், வண்டி கேட்டால்தானே! முன் பிரேக்கைப் பிடித்துத் தட்டுத் தடுமாறி பழக்கடை ஜமீலாவின் ஆரஞ்சுக் குவியலில் போய் நின்றோம். “கண்ணை வீட்டுல கழட்டி வெச்சுட்டு வந்தீங்களா மொன்ஜி?” என்று அவள் வாப்பாவைப் பார்த்துப் போட்ட சத்தம் உனக்கே கேட்டிருக்கும். மெக்கானிக் ஷாத்லி பார்த்தான். பிரேக் ஆயில் குறையவில்லை, குழாயில் காற்று இல்லை, மிதித்தால் மிதி அமுங்காமல் விறைப்பாகத்தான் நிற்கிறது. அப்படியானால் சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட்தான் தேய்ந்து போயிருக்கும் என்று புதுசு மாட்டினான். தட்டில் இருந்த பிசுக்கைத் தன் கை அழுக்கு என்று நினைத்துத் துடைத்தும் விட்டான். ஊருக்குள் வண்டி நறுக்கென்று நின்றது. அடுத்த நடையில் அதே இறக்கத்தில் மறுபடியும் கைவிட்டது.

போகும்போது பிடிக்கிற பிரேக் வரும்போது ஏன் பிடிக்கவில்லை என்று இரண்டு ஆண்களும் தாடையைத் தடவி யோசித்தார்கள். பிறகு மெல்ல என்னைப் பார்த்தார்கள். “வரும்போதுதானே உம்மா ஏறுறாங்க” என்றான் ஷாத்லி. உன் வாப்பா மறுத்தாரா? ஊஹும், தலையை ஆட்டினார்! எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! ஆனால் கறிக்கடை நெஜி வெள்ளிக்கிழமை வண்டியை விலைக்கு எடுத்துப்போவதாகப் பேச்சு முடிந்ததும் வாப்பா அதைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், கூஸ்கூஸ் ஒரு வாய் இறங்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கும் அந்த வண்டி வேண்டும் உல்ஃபா, அதில் போகும்போதுதான் அவர் இன்னும் பாடுகிறார்.

வியாழக்கிழமை துணி துவைக்க உட்கார்ந்தால், என் அங்கியின் வலப்பக்க ஓரம் பிசுபிசுவென்று இருந்தது. மோந்து பார்த்தேன். நம் மரத்து எண்ணெய்! ஓடிப்போய்ப் பிரேக் தட்டில் மூக்கை வைத்தேன், அங்கேயும் அதே வாசனை. புது எண்ணெய் மூச்சுவிட வேண்டும் என்று கேன் வாயை மூடியால் திருகாமல் துணியால்தானே அடைப்போம்? குலுங்கிக் குலுங்கி அது கசிந்து, நேராகத் தட்டில் சொட்டியிருக்கிறது. ஷாத்லி தலையில் அடித்துக்கொண்டான். எண்ணெய் குடித்த பேட்டைத் தூக்கியெறிந்து, தட்டைச் சுத்தமாகக் கழுவி, வேறு பேட் போட்டுவிட்டு, “உங்க எடை பஞ்சு எடை உம்மா” என்றான். மன்னிக்கவில்லை. நானே பின்னால் ஏறி அந்த இறக்கத்தில் ஓட்டவைத்தேன், ஜமீலா கடைக்கு முன்னாலேயே நின்றது. வாப்பா அங்கேயே பாட ஆரம்பித்துவிட்டார், மானம் போயிற்று. நெஜியை வெறுங்கையோடு அனுப்பிவிட்டோம்.

ஹெதி மாமா மகன் உனக்குக் கொண்டுவரும் எண்ணெய்க் கேனின் மூடியை நானே இறுக்கித் திருகியிருக்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உங்கள் இருவரையும் காப்பானாக. ஒன்று மட்டும் மனதில் வை. வேனில் ஏற்றினால் அடுத்தவர் கேனோடு மாறிவிடும், “எம்மவளுக்கு நம்ம மரத்து எண்ணெய்தான் போகணும்” என்றுதான் வாப்பா அந்த இறக்கத்தில் வண்டி ஓட்டுகிறார். கேன் கொஞ்சம் குறைந்திருந்தால் மாமா மகனைச் சந்தேகப்படாதே, உன் பங்கில் கொஞ்சத்தைப் பின் பிரேக் குடித்துவிட்டது.

எடை குறைக்கப்போவதில்லாத
உன் உம்மா,
நஜியா