முகம் கழுவும் உரிமை குறித்துத் தூவலூருக்கு விடுத்த ஓலை

நீரும் நெல்லும் குறைவின்றி நிற்க. பொன்மதில் நகரத்துக் கீழைவாயிலில் இன்று முடிசூடி அமர்ந்தருளிய, மருதங்கா நாடு முழுதும் உடைய நறுவீத் தேவியாரின் திருவாணைப்படி, அவர்தம் அகமனைக் காரியம் பார்க்கும் சேந்தி, தூவலூர்க் கூற்றத்தை ஆண்டருளும் பொலங்கொடி நாச்சியாருக்கு எழுதி விடுத்த ஓலை. தங்கள் மலைச்சாரலில் மழை தவறாதிருக்க. தங்கள் பயற்றங்கொல்லைகள் காய்த்துக் குலுங்குக. தங்கள் மாமியார் சினம் தணிந்து மீண்டும் கோட்டைக்குள் உணவருந்துகிறார் என்று கேள்வி. அந்த அமைதியும் நீடுக.

ஆணையை மட்டும் எழுதி முத்திரையிட்டு அனுப்பும்படியே தேவியார் பணித்தார். ஆணையோ இரண்டு வரி. ஓலையோ முழ நீளம். மிச்ச இடத்தை வெறுமனே விடுவானேன்? நடந்ததைத் தாங்கள் வணிகர் வாயால் அரையும் குறையுமாகக் கேட்பதைவிட, அருகில் நின்று பார்த்தவள் வாயால் முழுதாகக் கேட்பதே முறை என்று கருதி எழுதலானேன்.

பட்டத்துக்கு உரியவர் தை நிறைமதி நாளில் கீழைவாயிலில் அமர்ந்து பகலொளியில் முகம் காட்ட வேண்டும் என்பதும், ஐந்து குடித்தலைவர்கள் அருகே வந்து பார்த்து அம்முகத்தில் மறுவில்லை என்று உரைத்த பின்னரே முடி சூட்டப்படும் என்பதும், மறு உண்டென்று அவர்கள் உரைப்பின் முடி அடுத்த உரிமையாளருக்குச் செல்லும் என்பதும் தாங்கள் அறிந்தவையே. அடுத்த உரிமையாளர் தேவியாரின் சிறிய தந்தை பெருந்திரையனார். அண்ணன் மறைந்த நாள்முதல் நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தாம். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டமையால், பார்வையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அரச முகத்துக்குப் பூசும் உரிமையை வழிவழியாக உடைய பூச்சு மனையார் ஒன்பதின்மர். மஞ்சள் மனையார் சந்தனத்தைத் தொடலாகாது. உதட்டுக்கு வெண்ணெய் இடுவோர் கன்னத்தில் விரல் வைத்தால் வழக்கு. முத்துச் சுண்ணம் பூசுவோர் ஒரு மனை, புருவத்துக்கு ஒரு மனை, கூந்தலுக்கு ஒரு மனை, குதிகாலுக்கும் முழங்கைக்கும் சேர்த்து ஒரு மனை. இவர்கள் அனைவருக்கும் முன்னே, வரிசையில் முதலிடம் பெற்றுப் பத்தாவது மனை ஒன்று இருந்தது. கழுவு மனை என்று அதற்குப் பெயர். பூசுவதற்கு முன் அரச முகத்துக்கு நீர் வார்த்துக் கழுவும் உரிமை அவர்களுடையது. அம்மனையின் கடைசிப் பெண்மணி தேவியாருடைய பாட்டனார் காலத்தில் பிள்ளையின்றி மறைந்தார். அவ்வுரிமையை ஒரு மனைக்கு அளித்தால் மற்ற எட்டும் சீறும் என்று அஞ்சிய அரசர், ஒருவருக்கும் அளிக்காமலே விட்டார். அரசகுலத்தார் தம் முகத்தைத் தாமே கழுவுவதோ இழுக்கு.

விளைவை நினைத்துப் பாருங்கள், நாச்சியாரே. பூசுவதற்கு ஒன்பது மனை. கழுவுவதற்கு ஒருவரும் இல்லை! பன்னீர் மனையார் பட்டுத்துணியால் ஒற்றியெடுப்பர். அதுவும் பூச்சே அன்றிக் கழுவல் ஆகாது என்று சத்தியம் செய்துவிட்டே ஒற்றுவர். நேற்றைய சந்தனத்தின் மேல் இன்றைய மஞ்சளும், அதன் மேல் சுண்ணமும், அதன் மேல் குங்குமப்பூவும் ஏறி நிற்கும். முன்னிருந்த மன்னர்கள் போர்க்களத்தில் மழையில் நனைந்து தப்பினர். தேவியாருக்குப் போரும் வாய்க்கவில்லை, மழையில் நிற்க ஒருவரும் விடவுமில்லை.

மார்கழி பிறந்தபோது தேவியாரின் கன்னங்கள் சிவந்து தடித்தன. நெற்றி முழுதும் பொரிப்பொரியாக எழுந்தது. பூச்சு மனையாரை அழைத்து வினவினேன்.

"எங்க மஞ்சள் பட்டு எவ முகம் கெட்டுச்சு? அந்தச் சந்தனக்காரியக் கேளுங்க. அவ கல்லுல என்னத்த அரைக்கிறாளோ!" என்றாள் மஞ்சள் மனையாள்.

"மஞ்சள் அரிச்சா சந்தனம் என்னம்மா செய்யும்? வேணும்னா இன்னொரு பூச்சு இழுக்கிறேன்" என்றாள் சந்தன மனையாள்.

பெருந்திரையனார் நாள்தோறும் வந்து நலம் விசாரித்தார். அவ்வளவு அன்பை அவரிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை. "அம்மாடி, இந்த முகத்தோட எப்படி வெளிச்சத்துல உட்காரப்போறே? இன்னும் கொஞ்சம் கனமாப் பூசச் சொல்லட்டுமா?" என்று உருகினார். அன்றுமுதல் கனமாகப் பூசினர். அன்றுமுதல் முகம் இன்னும் மோசமாயிற்று. தேவியார் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவைத்தார். நாடு தம் தந்தையார் கையிலிருந்து சிறிய தந்தையார் கைக்குப் போவதைத் தம் முகத்திலேயே நாள்தோறும் கண்டுகொண்டிருந்தார் அவர்.

முடிசூட்டுக்கு முன் ஆற்றிடைத் தீவின் கொற்றவை கோயிலில் தங்கி வழிபடுவது மரபு. தேவியாரும் நானும் மடைப்பள்ளிப் பெண்ணொருத்தியும் முதற்படகில் கடந்தோம். ஒன்பது மனையாரும் தத்தம் பேழைகளுடன் இரண்டாம் படகில் வரவேண்டியவர்கள். வரவில்லை. படகில் முதலில் கால் வைப்பவர் மூத்த மனை ஆகிவிடுவார் என்பதால், எவரும் எவரையும் முதலில் ஏற விடவில்லை. துறையில் பேழைகளை இறக்கிவைத்து வழக்காடினர். வழக்கு முடியுமுன் மேற்கே பெய்த மழை ஆற்றில் இறங்கியது. படகு செல்லாத வெள்ளம். கரையில் அவர்கள், நடுவில் வெள்ளம், தீவில் நாங்கள். அவர்கள் கைநீட்டிச் சண்டையிட்டது எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது, சொல்தான் கேட்கவில்லை. எனக்கு அது பெருங்குறை.

அன்று மாலை தேவியார் அரிப்புப் பொறுக்காமல் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கழுவும் உரிமை உடையவர் ஒருவரும் இவ்வுலகில் இல்லையே என்று பணிந்து நினைவூட்டினேன்.

"உரிமை இல்லாத நானே கழுவிக்கிறேன் சேந்தியம்மா. உங்களுக்குப் பாவமாப் பட்டா அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்றார்.

திரும்பிக்கொண்டேன். ஆனால் தூண் வழவழப்பாக இருந்தது. அதில் எல்லாம் தெரிந்தது.

தீவில் இருந்தவை மடைப்பள்ளிச் சரக்குகள் மட்டுமே. தேவியார் முதலில் நல்லெண்ணெயை உள்ளங்கையில் விட்டு முகத்தில் தேய்த்தார். மையும் சுண்ணமும் சந்தனமும் ஒன்றாகக் கரைந்து, கோயில் சுவரை மழை கழுவியது போல் வழிந்தன. பின்னர்ப் பயற்றமாவை நீரில் குழைத்துப் பூசிக் கழுவினார். எண்ணெயும் போயிற்று, அழுக்கும் போயிற்று. துணியில் வந்த நிறங்களைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். சென்ற ஆண்டுத் திருவிழாச் சந்தனம்கூட அதில் இருந்திருக்கும் என்பது என் துணிபு.

மறுநாள் அதே மாவினால் கூந்தலையும் அலசினார், கைகால்களையும் தேய்த்தார். அதே எண்ணெயில் ஒரு சொட்டை உதட்டில் தடவினார், வெடித்த குதிகாலில் தடவினார், முழங்கையில் தடவினார், மீந்ததைக் கூந்தல் நுனியில் துடைத்தார். புருவத்தையும் அதிலேயே நீவிவிட்டார். ஒன்பது மனையார் விடியல்முதல் உச்சிவரை செய்த வேலை, மடைப்பள்ளிப் பெண் உலை வைத்து அரிசி களையுமுன் முடிந்தது. மிஞ்சிய பொழுதில் தேவியார் என்ன செய்தார் என்கிறீர்களா? கோயில் பேழையில் காப்பிலிருந்த நாட்டுச் சட்ட ஓலைகளைப் படித்தார். வேறு வேலை இல்லாமையால் நானும் அருகிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஒன்றும் சுவையாக இல்லை என்று அப்போது எண்ணினேன்.

வெள்ளம் வடியுமுன் கன்னங்களின் தடிப்பு இறங்கிவிட்டது. சிவப்பு ஆறிற்று. பொரிகள் உதிர்ந்தன. தேவியார் நீரில் தம் முகம் பார்த்துச் சிரித்ததை, பல நாட்களுக்குப் பின் அன்றுதான் கண்டேன்.

நிறைமதி நாளும் வந்தது. கீழைவாயிலில் கூடியிருந்த கூட்டத்தை என்னென்பேன்! பெருந்திரையனார் தாமும் முகம் முழுதும் முத்துச் சுண்ணம் பூசி, அடுத்த உரிமையாளர் இருக்கைக்கு அருகிலேயே நின்றிருந்தார். தேவியாரின் தெளிந்த முகத்தைக் கண்டதும் அவர் விழி ஒரு கணம் உருண்டது. ஆயினும் அவர் விடவில்லை. ஒன்பது பூச்சும் ஏறிய முகமே அரச முகம் என்றும், பூசாத முகத்தைக் குடித்தலைவர்கள் பார்ப்பது மரபன்று என்றும் உரக்க மொழிந்தார். ஒன்பது மனையாரும் கிண்ணங்களோடு முன்வந்தனர். பூசிக்கொண்டால் உச்சி வெயிலில் முகம் மீண்டும் பொங்கும். மறுத்தால் மரபு மீறியவர் ஆவார். இரண்டில் எதுவாயினும் முடி போகும்.

தேவியார் மறுக்கவில்லை. "பூசுங்க சித்தப்பா, எனக்கென்ன? ஆனா வரிசைப்படி பூசணும். வரிசையில முதல்ல யாரு?" என்றார்.

ஒன்பது மனையாரும் ஒருவரையொருவர் பார்த்தனர். பொய் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. சொன்னால் மற்ற எண்மரும் விட்டுவைப்பரோ? கடைசியில் மஞ்சள் மனையாளே வாய் திறந்தாள். "கழுவு மனைதான் தாயே."

"அப்போ அவங்க வரட்டும். அவங்களுக்கு முந்தி யாராவது என் முகத்தைத் தொடுறீங்களா?"

தொட எவருக்கும் கை வரவில்லை. கேட்பாரில்லாதவரை அகமனைக்குள் நடந்தது வேறு; குடித்தலைவர்கள் முன் கேள்வி எழுந்தபின், முன்னுக்கு நிற்கும் மனையை மீறிப் பின்னுள்ள மனை கைவைத்தால் அதன் உரிமை அன்றே அழியும். எந்த வரிசைக்காகத் துறையில் படகை விட்டனரோ, அதே வரிசை அவர்களைக் கிண்ணமும் கையுமாக நிறுத்திவைத்தது. பெருந்திரையனார் அவர்களை அதட்டினார், கெஞ்சினார், நிலம் தருவதாகவும் சொன்னார். ஒருவரும் ஓர் அடி எடுத்துவைக்கவில்லை.

அப்போது தேவியார் எழுந்து, வாரிசின்றி மறைந்தவர் நிலமாயினும் உரிமையாயினும் அரசகுலத்துக்கே மீளும் என்னும் சட்டத்தை ஐந்து குடித்தலைவர்கள் முன் எடுத்துரைத்தார். அச்சட்டப்படி கழுவும் உரிமை தம் குலத்துக்கு மீண்டு பல ஆண்டுகள் ஆயின என்றும், அதை இன்று தாமே செலுத்துவதாகவும் உரைத்தார். நான் நீர்க்குடத்தையும் பயற்றமாவையும் நீட்டினேன். நாடே பார்த்திருக்க, பகலொளியில் தம் கைகளால் தம் முகத்தைக் கழுவினார். பின்பு தலைப்பில் துடைத்துக்கொண்டு, "கழுவியாச்சு. இதுக்கு மேல பூசுறது என் விருப்பம். எனக்கு வேண்டாம். வந்து பாருங்க" என்றார்.

ஐவரும் வந்தனர். மூத்தவராகிய ஊரன்கிழார் மூக்கு முட்டும் அளவு குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "தாடையில ஒரு பரு இருக்கு" என்றார்.

"கேட்டீங்களா! மறு! மறு இருக்குன்னு சொல்லிட்டார்!" என்று துள்ளினார் பெருந்திரையனார். துள்ளிய வேகத்தில் அவர் கன்னத்துச் சுண்ணம் வெயிலில் காய்ந்த ஏரிபோல் வெடித்து, ஒரு பெரிய சில்லு அவர் மார்பில் விழுந்தது. கூட்டம் சிரித்தது.

ஊரன்கிழார் சிரிக்கவில்லை. "பரு வரும், போகும் ஐயா. என் பேத்திக்கு வாரம் ஒண்ணு வருது. இத்தனை வருஷமா இந்த வாசல்ல நான் பார்த்தது பூச்சைத்தான். முகத்தை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். மறு இல்லை" என்றார். மற்ற நால்வரும் அதையே வழிமொழிந்தனர். முரசம் முழங்கியது. முடி ஏறியது. கீழைவாயில் மாடங்களிலிருந்து பெண்கள் எழுப்பிய குலவையில் என் காது இன்னும் அடைத்திருக்கிறது. பெருந்திரையனார் தெற்கெல்லைக் காவலுக்கு இன்றே புறப்படுகிறார். அங்கே காற்று நல்லதாம்.

பூச்சு மனையாரின் நிலங்களில் தேவியார் கைவைக்கவில்லை. திருவிழாவுக்குச் சந்தனமும் திருமணத்துக்கு மஞ்சளும் வேண்டுவோர் கேட்டுப் பெறலாம். நாள்தோறும் பூசும் கடமை மட்டும் ஒழிந்தது. சந்தன மனையாள் அதற்குள் என்னிடம் வந்து, மாவுக்கான பயறு எந்த ஊரில் நன்றாக விளையும் என்று மெல்ல விசாரித்தாள். தூவலூர் என்று சொல்லிவைத்தேன். விலையைத் தாங்கள் பார்த்துக்கொள்க.

இனி ஆணை.

தன் முகம் கழுவும் உரிமை அம்முகம் உடையவருக்கே உரியது. இவ்வுரிமையை எந்த மனையும் எந்த மன்னரும் பறிக்கவோ பிறருக்கு வழங்கவோ ஆகாது.

தலைநகரைப் பார்த்துத் தங்கள் கோட்டையிலும் ஒன்பது மனைகள் அமைத்து, குதிகாலுக்கு மட்டும் இரு மனைகளாகக் கூட்டியிருக்கிறீர்கள் என்றும், தங்கள் இளைய மகளார் முகத்தில் தடிப்புக் கண்டு நான்கு திங்களாக வெளியே வருவதில்லை என்றும் தேவியார் செவிக்கு எட்டியிருக்கிறது. எட்டச் செய்தவர் எவர் என்று ஆராய வேண்டா. ஆகவே இவ்வோலை கண்ட அன்றே கோட்டை வாயிலில் அனைவரும் கேட்க இதனை வாசிப்பிக்க. வாசித்த பின் தங்கள் மகளார்முன் நீரும் பயற்றமாவும் நல்லெண்ணெயும் வைத்து, மனையார் அனைவரையும் அறைக்கு வெளியே நிறுத்துக. ஆறிய முகத்தோடு அப்பெண் பங்குனியில் நம் அவைக்கு வருக. தேவியார் அவளைத் தம் அருகே அமர்த்திக்கொள்ளக் காத்திருக்கிறார்.

மருதங்கா நாட்டு மீன்கொத்தி முத்திரை இவ்வோலையின் கழுத்தில் இடப்பட்டது. இது சேந்தி எழுத்து. இது தேவியார் ஆணை. இதன்படியே செய்க, நீர் வார்க்க எவரையும் தேட வேண்டா, அப்பெண்ணுக்கு அவள் கைகளே போதும்.