மூக்குத்தி மின்னிய குதிரைவீரன்

திருத்துறைப்பூண்டி
3.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு ஈஸ்வரி எழுதுவது.

இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் தென்னந்தோப்பும் சுகம்தானே? போன் செய்தால் "சிக்னல் இல்லம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். தபால்காரருக்குச் சிக்னல் தேவையில்லை என்பதால் கடிதம்.

நம் 'மணல்மேட்டு மாவீரன்' யூடியூபில் வந்திருக்கிறது, தெரியுமா? தஞ்சாவூர் அறிவுமதி என்பவர் எங்கோ தேடிப் பிடித்து ஏற்றியிருக்கிறார். அந்தக் காலத்தில் அப்பா ஒரு குறுவை விளைச்சலை விற்று, உங்களைக் கதாநாயகனாகப் போட்டு எடுத்த கௌபாய் படத்தை இப்போது ஊரே பார்த்துச் சிரிக்கிறது. கீழே ஜனங்கள் எழுதுகிற கருத்துகளைப் படித்துச் சிரித்து எனக்கு வயிற்றுவலி கண்டுவிட்டது. "டெக்சாஸ்ல நடவு நடக்குது பாருங்கப்பா" என்று ஒருவர். "செத்துக் கிடக்கிற வில்லன் ஈ ஓட்டுறாரு" என்று இன்னொருவர். உங்கள் தொப்பியை மரக்கால் என்கிறார்கள்.

ஆனால் எல்லாரும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள். "நடிப்பு சுமாரு, ஆனா ஹீரோ குதிரை ஓட்டுறாரு பாருங்க, அதுக்கே பார்க்கலாம்!"

குதிரைமேல் இருந்தது யார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். முதல் நாளே கீழே விழுந்து, இனி அதன் பக்கமே போகமாட்டேன் என்று நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். களத்தில் கட்டிக் கிடந்த குதிரைக்குப் புல் போட்டுப் பழகியிருந்த என் முகத்தில் கைக்குட்டையைக் கட்டி, உங்கள் சட்டையை மாட்டி ஏற்றிவிட்டீர்கள். ஓட்டத்தில் கைக்குட்டை நழுவும் என்று யாரும் நினைக்கவில்லை. நேற்று ஒரு பெண் கேட்டிருந்தார்: "குதிரை மேல ஏறுனா மட்டும் ஹீரோ மூக்குல என்னமோ மின்னுதே, என்ன அது?"

படித்ததும் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். அதே மூக்குத்திதான். அன்றைக்குத் திருகு கழலாமல் போனது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பாருங்கள்.

தங்கை
ஈஸ்வரி


பட்டுக்கோட்டை
10.6.2024

அன்புத் தங்கை ஈஸ்வரிக்கு அண்ணனின் ஆசிகள்.

கடிதம் கிடைத்தது. அந்தப் பெண்ணின் கேள்விக்கு, 'பழைய பிலிமில் விழுந்த கீறல்' என்று நானே பதில் போட்டுவிட்டேன். நீயும் ஆமாம் என்று ஒரு வரி போட்டால் விஷயம் அடங்கிவிடும்.

அறிவுமதி வீட்டுக்கு வந்திருந்தார். அடுத்த மாதம் தஞ்சாவூரில் விழா. எனக்கு 'குதிரைவீரர்' என்று பட்டம் கொடுக்கப் போகிறார்கள். அந்தப் படத்துக்குப் பிறகு என்னை யார் சீந்தினார்கள், சொல்? இந்த வயசில் எனக்கென்று வருகிற ஒரே மாலை இது. குறுக்கே வராதே அம்மா. அண்ணி உனக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்து வைத்திருக்கிறாள்.

கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா?

அண்ணன்
துரைராசு


திருத்துறைப்பூண்டி
15.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கால் வலியை விசாரித்ததற்கு நன்றி. அது சௌக்கியமாக இருக்கிறது. என்னை விட்டுப் போகிற உத்தேசம் அதற்கு இல்லை.

குதிரை வாய்க்காலைத் தாவுகிற இடத்தை ஜனங்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்களாம். "கிராபிக்ஸ் இல்லாத காலத்துல என்ன தில்லுய்யா இவருக்கு!" என்கிறார்கள். அக்கரைச் சேற்றில் குதிரை கால் வைக்கும் முன்பே காட்சியை வெட்டிவிட்டீர்கள். மிச்சம் என் இடது முழங்காலில் இருக்கிறது. "குளத்துப் படியில வழுக்கிட்டா" என்று ஊருக்குச் சொன்னது நீங்கள். கால்சட்டை போட்டுக் குதிரை ஏறிய பெண்ணுக்கு வரன் வராது என்றீர்கள். சரி, வந்த வரன் என்ன? கால் வளைந்தவளுக்கு இரண்டாம் தாரம்தான் வாய்த்தது. அந்த வீட்டில் என்னை ஈஸ்வரி என்று கூப்பிட்டவர்கள் குறைவு. நொண்டி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

"படத்துல உன் பேர் போடுறேன்" என்றீர்களே, நினைவிருக்கிறதா? டீ போட்டுக் கொடுத்தவர் பெயர்கூட இருக்கிறது. என் பெயர் இல்லை.

பட்டுப்புடவை வேண்டாம். அந்த மேடையில் நின்று, 'ஓட்டியது என் தங்கை, விழுந்ததும் அவள்தான்' என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு மாலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் நான் சும்மா இருக்கமாட்டேன். இதை மிரட்டல் என்று நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

ஈஸ்வரி


பட்டுக்கோட்டை
24.6.2024

அன்புத் தங்கைக்கு,

நீ சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். அம்மாமேல் ஆணை. ஆனால் நீ விழாவுக்கு வரவேண்டாம். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. வெயிலும் கூட்டமும் உன் காலுக்கும் ஆகாது. எல்லாம் முடிந்ததும் வீடியோ அனுப்புகிறேன்.

அண்ணன்
துரைராசு


திருத்துறைப்பூண்டி
18.7.2024

திரு. துரைராசு அவர்களுக்கு,

நான் வந்திருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

திடலில் மேடைக்குப் பக்கத்தில் நின்ற குதிரையைப் பார்த்ததும் உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். அது என் ஏற்பாடு. அன்று நமக்குக் குதிரை கொடுத்த நாகூர்க்காரரின் மகன் மீரா உசேனிடம் பேசி, அறிவுமதிக்கு யோசனை சொன்னதும் நான்தான். நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் குதிரை சும்மா நின்றுவிட்டுப் போயிருக்கும்.

"ஒரு தடவ ஏறுங்கய்யா!" என்று கூட்டம் கத்தியபோது மைக்கைப் பிடித்து என்ன சொன்னீர்கள்? "அந்தத் தாவல்ல விழுந்து என் முழங்கால் போச்சுங்க. அன்னிலேருந்து ஏற முடியல." கைதட்டினார்கள். என் பக்கத்திலிருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சவாரியை எடுத்துக்கொண்டீர்கள். பெயரை எடுத்துக்கொண்டீர்கள். உடைந்த கால் ஒன்றுதான் எனக்கென்று மிச்சமிருந்தது, அதையும் எடுத்துக்கொண்டீர்கள்.

நான் நொண்டிக்கொண்டு குதிரையிடம் போவதைப் பார்த்ததுமே நீங்கள் மேடைக்குப் பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டதால், மீதியைச் சொல்கிறேன். மீரா உசேன் ஸ்டூல் போட்டார். கால் மடங்கவில்லை. இரண்டு பெண்கள் தூக்கிவிட்டார்கள். முந்தானையை முகத்தில் கட்டிக்கொண்டேன். சேணத்தில் உட்கார்ந்ததும் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. திடலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து துணியை இறக்கினேன். முன்வரிசையில் ஒரு பெண்தான் முதலில் கத்தினாள்: "ஏய், அந்த மூக்குத்திடீ!" அப்புறம் எல்லா செல்போனும் என் பக்கம் திரும்பின.

நாற்காலியில் நீங்கள் விட்டுப்போன பொன்னாடையைக் குதிரைக்குப் போர்த்தினேன். அதற்கு எடுப்பாக இருந்தது.

கால் வீங்கிக் கிடக்கிறது. கிடக்கட்டும். ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறேன். கூடப்பிறந்தவரைத் தலைகுனிய வைத்துச் சந்தோஷப்படலாமா என்று யாராவது கேட்டால், படலாம் என்றுதான் சொல்வேன்.

வீடியோவை அறிவுமதி ஏற்றிவிட்டார். கருத்துகள் வந்துகொண்டே இருக்கின்றன. நீங்கள் செல்போனை அணைத்து வைத்திருப்பதாக அண்ணி சொன்னார். கவலைப்படாதீர்கள், வாராவாரம் அவற்றைக் கையால் எழுதித் தபாலில் அனுப்புகிறேன். எல்லாருக்கும் நானே பதில் போட்டுவருகிறேன். ஒருவருக்கு மட்டும் போடவில்லை. "இத்தனை வருசமா அந்த அண்ணனுக்குச் சோறு எப்படிம்மா எறங்குச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

அதற்கு நீங்கள்தான் பதில் எழுதவேண்டும்.

இப்படிக்கு
குதிரை ஓட்டிய ஈஸ்வரி