முதலாம் மாடி எது?

பெப்ரவரி 11, செவ்வாய்

இன்றைக்கும் பஸ் பிந்தித்தான் வந்தது. இந்தக் குளிரில் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜிலிருந்து தீவின் மேற்குக் கரைக்கு வேலைக்குப் போகிறவனுக்கு விசர் என்பாள் என் மனிசி அக்னெஸ். போகாமல் விட்டால் அவளே முதலில் கத்துவாள். சின்ன நகரசபை, சின்னக் கந்தோர். கூட்ட அறிக்கைகளைத் தட்டச்சு செய்து ஒழுங்குபடுத்துவது என் வேலை.

பக்கத்து மேசைக்கு செலீன் என்று ஒரு பிள்ளை புதிதாக வந்திருக்கிறாள். தாய் தகப்பன் மன்னார். அவள் பிறந்தது மொன்றியலில். அவளுக்கு என்ன வேலை என்று இன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கியூபெக் சட்டசபைக்குப் புதுச் சட்டமூலம் எது வந்தாலும் அதை வாசித்து, எங்கள் நகரசபைக்கு அதால் என்ன வரும் என்று முதலே சொல்லவேண்டும். உதுக்கு ஒரு ஆளா? என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சட்டம் பாஸாகட்டும் பிள்ளை, பேந்து வாசிப்பம். வராத காய்ச்சலுக்கு ஏன் இப்பவே பனடோல் போடுறாய்?"

"பாஸானாப் பிறகு வாசிச்சா அழத்தான் அண்ணை ஏலும்" என்றாள்.

நல்ல வாய்தான்.

பெப்ரவரி 13, வியாழன்

செலீன் சட்டமூலத்தை வாலிலிருந்து வாசிக்கிறாள்! கடைசிப் பக்கத்தைத் திறந்து மேல் நோக்கிப் போகிறாள். பகிடிக்குச் செய்கிறாள் என்று நினைத்தேன். முன்பக்கம் எல்லாம் பேப்பரில் வருமாம், அமைச்சர் ரீவியில் சொல்லுவாராம். பழைய சட்டங்களில் சத்தமில்லாமல் கை வைக்கிற பிரிவுகள் எல்லாம் வாலில்தான் கிடக்குமாம். "எங்களுக்கு வேலை வைக்கிறது அந்த இடத்திலதான் அண்ணை" என்றாள்.

இத்தனை வருசம் இந்தக் கந்தோரில் இருந்து எனக்கு இது தெரியவில்லை. வெட்கமாக இல்லை, சந்தோசமாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

பெப்ரவரி 20, வியாழன்

இன்றைக்கு ஒரு பெரிய பயம் வந்து போனது. எழுதி வைக்கவேண்டும்.

வாடகை வீடுகளின் தீப்பாதுகாப்புக்கு ஒரு சட்டமூலம் வந்திருக்கிறது. செலீன் வழக்கம்போல வாலைப் பிடித்தாள். அதில் ஒரு பிரிவு: வீட்டில் நடத்துகிற கார்டெரி, அதாவது பிள்ளை பராமரிப்பு நிலையம், எதுவும் கட்டடத்தின் "பிறெமியேர் எத்தாஜ்" மட்டத்துக்கு மேலே இருக்கக் கூடாது. கார்டெரி என்றதும் என் காது நிமிர்ந்தது. அக்னெஸ் எங்கள் வீட்டில் அதைத்தானே நடத்துகிறாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள், துப்புரவு செய்கிறவர்கள், விடிய முன்னம் வேலைக்குப் போகிற தாய்மார் எல்லாம் அவளிடம்தான் பிள்ளைகளை விடுகிறார்கள். அதை மூடினால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? எங்கள் பிள்ளைகள் வளர்ந்து போன பிறகு அவளை எழுப்பி நடக்க வைத்தது இந்தக் குஞ்சு குருமன்கள்தான்.

வடிவாக வாசித்தேன். பிறெமியேர் எத்தாஜ் என்றால் முதலாம் மாடி. நாங்கள் இருப்பது முதலாம் மாடி. கீழே வீட்டுக்காரர், மேலே நாங்கள். அப்பாடா!

வீட்டுக்கு வந்து கதவு திறக்க முன்னமே சொன்னேன். "பயப்பிடாதை, முதலாம் மாடி வரைக்கும் விட்டிருக்கினம்." அக்னெஸ் மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். உடனே, மூத்தவளை எங்களிடம் விடுகிற றெபேக்காவுக்குப் போன் எடுத்து, பிறந்திருக்கிற சின்னவனையும் செப்ரெம்பரில் எடுப்பதாகச் சொல்லிவிட்டாள்.

மார்ச் 3, திங்கள்

கோதாரி விழுந்த நாள்.

சாப்பாட்டு நேரம் செலீனிடம் சும்மா சொன்னேன், அந்தச் சட்டத்தால் என் மனிசிக்குப் பிரச்சினை இல்லை, நாங்கள் முதலாம் மாடி என்று. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் மேல்வீடு எண்டெல்லோ சொன்னனீங்கள்? அப்ப ரெண்டாம் மாடி."

"என்ன கதை இது? கீழ நிலவீடு. அதுக்கு மேல முதலாம் மாடி."

"இல்லை அண்ணை. கீழ இருக்கிறதுதான் பிறெமியேர். நான் பிறந்து வளர்ந்த கட்டடத்தில நாங்கள் கீழ்வீடு, எல்லாரும் எங்களை பிறெமியேர் எண்டுதான் சொல்லுவினம்."

"நிலம் எப்பிடியடி பிள்ளை மாடியாகும்? ஏறாமலே ஒரு மாடியோ? யாழ்ப்பாணத்தில இப்பிடிச் சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவினம்!"

கந்தோர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செலீன் கோபிக்கவில்லை. சட்டமூலத்தை எடுத்து, அது எந்தக் கட்டட விதியைச் சுட்டுகிறது என்று தேடினாள். தேடி எடுத்துக் காட்டினாள். அங்கே அவள் சொன்னதுதான் சரி: நிலத்தோடு ஒட்டிய தளம்தான் முதலாவது. எங்கள் வீடு அதற்கு மேலே.

அக்னெஸுக்கு என்ன சொல்லுவேன்? றெபேக்காவுக்கு அவள் என்ன சொல்லுவாள்?

செலீன் போனை எடுத்து, பக்கத்து நகரசபைகளின் கட்டடப் பரிசோதகர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லாரிடமும் ஒரே கேள்வி, ஒரே குரலில்: "ஒரு கீழ்வீடு, ஒரு மேல்வீடு. பிறெமியேர் எத்தாஜ் எது?" தன் எண்ணம் என்ன என்று ஒருவருக்கும் காட்டவில்லை. சிலர் கீழ் என்றார்கள். சிலர் மேல் என்றார்கள். ஒருவர் சிரித்துவிட்டு, தாங்களும் இதற்காகச் சண்டை பிடித்திருக்கிறோம் என்றாராம்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இது உங்கட பிழை இல்லை அண்ணை, எழுதினவையின்ர பிழை. ஒரு கந்தோருக்குள்ளயே ரெண்டு பேர் ரெண்டு விதமா வாசிச்சா, ஊருக்கு ஊர் ஒரு சட்டமெல்லோ வரும்?"

எனக்கு அவளைக் கும்பிடவேண்டும் போல இருந்தது. அடுத்த வசனத்தில் அதைக் கெடுத்தாள்.

"இனிமேல் நீங்கள் இந்தக் கோப்பைத் தொடக்கூடாது. உங்கட வீட்டு விசயம். மேலதிகாரிக்கும் நான் சொல்லவேணும்."

நான் என்ன கள்ளனா?

மார்ச் 4, செவ்வாய்

அக்னெஸுக்குச் சொன்னேன். "சட்டம் விளங்காட்டி வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாமே" என்றாள். பிள்ளைகளின் சப்பாத்துகளைத் திரும்பத் திரும்ப ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 7, வெள்ளி

செலீனுக்கு மீன் றோல்ஸ் கொண்டுபோனேன். வாசம் பிடித்துவிட்டு, மூடித் திருப்பித் தந்தாள். கோப்பு முடியும்வரை என்னிடமிருந்து ஒன்றும் வாங்கமாட்டாளாம். பெரிய நீதவான்! மெற்றோவில் நானே எல்லாவற்றையும் தின்றேன். தின்னும்போது கோபம் போய்விட்டது. சட்டமூலத்தைத் திருத்தக் கேட்டு இவள் எழுதுகிற அறிக்கையை ஒருவரும் "தன்ர ஆளுக்காக எழுதினது" என்று தள்ளிவைக்க ஏலாது. அதைத்தான் பார்த்திருக்கிறாள்.

மார்ச் 26, புதன்

நேற்றுச் சபைக் கூட்டம். அறிக்கை எழுத வேறு ஆளைப் போட்டார்கள். நான் பொதுமக்கள் கதிரையில், கடைசி வரிசையில்.

செலீன் எழும்பியபோது அங்கத்தவர்கள் பாதிப்பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பேச்சே பேசவில்லை. ஒரு வீட்டுப் படத்தைத் திரையில் போட்டு, "முதலாம் மாடியில் ஆர் இருக்கினம்? கையை உயர்த்துங்கோ" என்று பிரெஞ்சில் கேட்டாள். கீழ்வீட்டுக்குச் சில கை. மேல்வீட்டுக்குச் சில கை. மேயர் இரண்டுக்கும் உயர்த்திவிட்டு முழிசினார். முதலில் சிரிப்பு. பிறகு ஒரு அங்கத்தவர், தன் மகள் பிள்ளையை விடுகிற கார்டெரியும் மேல்வீடுதான் என்று மெல்லச் சொன்னார். அதோடு சிரிப்பு நின்றது. சட்டமூலத்தை மாற்றக் கேட்கிற தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. என்ன பிள்ளையடா இவள்!

ஆனால் அவள் கேட்கச் சொன்ன மாற்றம்தான் என் நெஞ்சில் குத்தியது. மாடிக் கணக்கை விடுங்கள். எந்த மாடியானாலும் தடையில்லாமல் வெளியே போக இரண்டு வழி இருக்கவேண்டும் என்று எழுதுங்கள். இதுதான் கோரிக்கை.

எங்கள் வீட்டுப் பின்படி மரம் உக்கிக் கிடக்கிறது. வீட்டுக்காரர் கோஸ்தா அதில் தன் பழைய கார் ரயர்களை அடுக்கி வைத்திருக்கிறார். அந்தக் கதவைத் திறந்து எவ்வளவு காலம்!

மார்ச் 27, வியாழன்

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "ஒரு வழி போதும் எண்டு எழுதினால் என்ன பிள்ளை?"

செலீன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முன்பக்கம் நெருப்பு பிடிச்சால் பிள்ளையள் எதால வருவினம் அண்ணை?"

சரி. என் அறிக்கைகளுக்குத் திரும்பினேன். அவள் சொன்னது சரி, சரி, சரி. எனக்குத்தான் அது கசக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஈஸ்ரருக்கு முந்தின பெரிய கிழமை. சட்டசபைக் குழு எங்களை நேரே வந்து பேசக் கூப்பிடவில்லை. சின்ன ஊர்களைக் கூப்பிடமாட்டார்களாம். நான் என்றால் அந்த இடத்திலேயே தூஷணத்தால் பேசிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். செலீன் அன்றைக்கே எங்கள் அறிக்கையை ஒரு பக்கமாகச் சுருக்கினாள். அதை நகரசபைகளின் சங்கத்துக்கும், ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் குழுவில் இருக்கிற எல்லாருடைய உதவியாளர்களுக்கும் அனுப்பினாள். அனுப்பிவிட்டு ஒவ்வொருவருக்கும் போன். "ஒரு பக்கத்துக்கு மேல போனா ஒருத்தரும் வாசியாயினம்" என்றாள். மேலே அந்த வீட்டுப் படம், அதன் கீழே கேள்வி. பிறகு கோரிக்கை.

நான் ஒட்டுக்கேட்கவில்லை. மேசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் காதை எங்கே கழற்றி வைப்பது?

மே 22, வியாழன்

லீவு போட்டேன். குழு ஒவ்வொரு பிரிவாக எடுத்துப் பேசுவதை இணையத்தில் நேரே காட்டுகிறார்கள். அக்னெஸ் பிள்ளைகளை நித்திரையாக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். விளங்காத பிரெஞ்சு, விளங்குகிற பயம்.

எங்கள் பிரிவு வந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் ஒரு தாளைத் தூக்கிப் பார்த்தார். "அமைச்சரே, ஒரு கேள்வி. கீழ்வீடு ஒன்று, மேல்வீடு ஒன்று. இதில் பிறெமியேர் எத்தாஜ் எது?"

"இது செலீன்ர கேள்வி!" என்று கத்திவிட்டேன். ஒரு பிள்ளை எழும்பி அழத் தொடங்கியது. அக்னெஸ் என் தொடையில் நுள்ளினாள்.

அமைச்சர் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். பக்கத்திலிருந்த சட்டத்தரணி ஒன்று சொல்ல, பின்னாலிருந்தவர் தலையாட்டி மறுத்தார். கூட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். திரும்பி வந்து, அந்தப் பிரிவைத் திருத்தி எழுதிக்கொண்டு வருவோம் என்றார்கள்.

செலீனுக்குப் போன் எடுத்தேன். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "திருத்தம் என்ன எண்டு வாசிக்காமல் சந்தோசப்படாதேங்கோ அண்ணை" என்றாள். ஆனால் போனை வைக்க முன்னம் அவள் சிரித்தது எனக்குக் கேட்டது.

யூன் 5, வியாழன்

சட்டம் நிறைவேறியது. மாடிக் கணக்கு இல்லை. இரண்டு வழி வேண்டும். வழி இல்லாதவர்கள் இலையுதிர் காலத்துக்குள் செய்யவேண்டும். வீட்டின் சொந்தக்காரர் அதைத் தடுக்க ஏலாது. அந்தக் கடைசி வரி எங்கள் கோரிக்கையில் இருந்ததே எனக்குத் தெரியாது. அறிக்கையின் வாலில் போட்டிருக்கிறாள், கெட்டிக்காரி! எனக்காக இல்லை. வாடகைக்கு இருக்கிற எல்லாருக்குமாக. அதுதான் என்னை அழ வைத்தது.

பத்திரிகையில் சங்கத்தின் பெயர் வந்தது, அமைச்சரின் பெயர் வந்தது. செலீனின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. கேட்டால், வேறு ஏதோ தண்ணீர்க் குழாய்ச் சட்டமூலம் வந்திருக்கிறதாம், நேரமில்லையாம்.

யூன் 6, வெள்ளி

அக்னெஸ் தனியாகக் கீழே போய்க் கோஸ்தாவோடு கதைத்தாள். நான் வந்தால் வாய்காட்டிக் காரியத்தைக் கெடுத்துவிடுவேனாம். அவள் திரும்பி வந்தபோது ரயர்கள் ஒவ்வொன்றாக இறங்குகிற சத்தம் கேட்டது. என்ன சொன்னாள் என்று இன்னும் சொல்லவில்லை.

செப்ரெம்பர் 9, செவ்வாய்

இன்றைக்குப் பரிசோதகர் வந்தார். புதுப் பின்படி, புதுக் கைப்பிடி. முன்கதவில் நெருப்பு என்று வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பின்பக்கத்தால் இறக்கிக் காட்டச் சொன்னார். அக்னெஸ் றெபேக்காவின் சின்னவனை நெஞ்சோடு கட்டிக்கொண்டு முன்னால் இறங்கினாள். மற்றவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால். நான் கீழே நின்று தலைகளை எண்ணினேன். ஒருவரும் விழவில்லை, ஒருவரும் அழவில்லை. பரிசோதகர் கையெழுத்துப் போட்டுவிட்டு "மெர்சி மடாம்" என்றார்.

றெபேக்காவின் மூத்தவள் அவரை அண்ணாந்து பார்த்து "ஆங்கோர்!" என்று கத்தினாள். இன்னொருக்காவாம். மற்றதுகளும் தொடங்கிவிட்டன. அக்னெஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சின்னவனை என் கையில் தந்தாள். பிறகு எல்லாருமாகத் திரும்பவும் மேலே ஏறிப் போனார்கள்.