ஒன்பது போட்ட தெரு

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

'இங்கு அனைவரும் நலம்' என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த வார்த்தையால்தான் இப்போது இவ்வளவு வினையும். அதனால் அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், படித்துத்தான் ஆக வேண்டும்.

நம் தெருமுனையில் இருந்த பகல் பராமரிப்பு நிலையம் போய்விட்டது. மூடிவிட்டார்கள் என்று சொல்லக்கூடாதாம், கால்வாய்க்கு அந்தப் பக்கம் இடம் மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டுமாம். நாற்காலிகள், கட்டில்கள், அப்பா பிடித்துக்கொண்டு நடந்து பழகிய இரண்டு கம்பிகள், எல்லாம் லாரியில் ஏறிப் போயின. அதே வாரம் அந்த இடத்தில் ஒரு பலகை நட்டார்கள். 'நல்வாழ்வில் முதலிடம் பெற்ற பகுதி' என்று பச்சை எழுத்தில் கொட்டை கொட்டையாக எழுதியிருக்கிறது. கீழே உன் துறையின் பெயர். அதிகாரி ஒருவர் வந்து எல்லோரையும் கைதட்டச் சொன்னார். தெருவே தட்டியது. நான் ஒரு கையால் அப்பாவைப் பிடித்திருந்ததால் தட்டவில்லை, மற்றபடி எனக்குக் கொள்கை ஒன்றும் கிடையாது.

இந்த முதலிடம் எப்படி வந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். கணக்கெடுக்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும் மாடி வீட்டு அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். இது நம்ம பாப்பா ஆபீஸ் வேலை, கேள்வியே அவதான் எழுதினாளாம், பார்த்துப் போடுங்க, குறைச்சுப் போட்டா பிள்ளைக்குத்தான் கெட்ட பேரு என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தாள். முப்பது வயது தாண்டிய பெண்ணை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற தெரு இது. வேறு என்ன செய்வார்கள்? உனக்குத்தான் மார்க் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நல்ல மரியாதையான பெண். வாழ்க்கையில் எவ்வளவு திருப்தியாக இருக்கிறீர்கள், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்று கேட்டாள். கடைக்காரர் எடுத்த எடுப்பில் பத்து என்றார். பெரிய அங்காடி வந்த பிறகு அவர் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார், அது வேறு கதை. பத்து என்றால் நம்ப மாட்டார்கள் என்று அவர் மனைவி கிள்ளிவிட்டு ஒன்பதாக்கினாள். மாடி வீட்டு அக்காவோடு அவள் மகன் பேசி எத்தனையோ காலம் ஆகிறது, அவளும் ஒன்பது. நானும் ஒன்பதுதான். அப்பாவைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, பிடித்துக்கொண்ட இடுப்பைத் தடவியபடியே சொன்னேன். உனக்கு மார்க் போடும் எண்ணமே இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வாசலில் நின்று எப்படி இருக்கீங்க என்று கேட்கிறவரிடம் நம் வீட்டில் யார் என்றைக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறோம்? நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

நிலையத்தை மாற்றிய அன்றைக்கு நீ போனில் விளக்கமாகச் சொன்னாய். எண் குறைந்த பகுதிக்குத்தான் முதலில் உதவி போக வேண்டும், அதுதான் நியாயம் என்றாய். நியாயம்தான். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஆட்கள் மேல் எனக்குத் துளி கோபம் இல்லை. அழுத பிள்ளைக்குப் பால் கிடைத்தது, பல்லைக் காட்டிய பிள்ளைக்குப் பலகை கிடைத்தது. ஆனால் தரவு அப்படித்தான்மா சொல்லுது என்று சொன்னாய் பார், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ வெளியூர்க்காரர் வந்து சொன்ன மாதிரி சொன்னாய். அந்தக் கடைக்காரரும் மாடி வீட்டு அக்காவும் உன்னைப் பெற்ற நானும்தான் உன் தரவு.

அப்பாவைப் பற்றிக் கேட்பாய். பக்கவாதம் வந்து பேச்சு போனவருக்கு அந்த நிலையத்தில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் தண்ணி, வேணாம், போதும் என்று ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்ப வாங்கிக் கொடுத்திருந்தாள். இப்போது தண்ணி போய்விட்டது. தாகம் எடுத்தால் டம்ளரை மேசையில் தட்டுகிறார். கால்வாயைத் தாண்ட நடைபாலம்தான், படி ஏற அவரால் ஆகாது. சுற்றிக்கொண்டு போக பஸ் இல்லை. காலையில் சட்டையை மாற்றச் சொல்லி அடம்பிடித்து, கதவருகில் போய் நிற்கிறார். நான்தான் வேண்டுமென்றே கூட்டிப்போகவில்லை என்று நினைத்து என் மேல் எரிந்து விழுகிறார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். ஒரு கண் அவர் மேலும் ஒரு கண் தையல் மெஷின் மேலும் வைத்துத் தைத்ததில், ஒரு சட்டைக்கு இரண்டு கையும் இடக்கையாகப் போய்விட்டது. கடைக்காரர் மனைவி சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

போன வாரம் தைத்ததைக் கொடுக்கப் போக வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் வெளியே பூட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினால் நகரவில்லை. உள்ளே கதவில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். விழுந்தாரா, தானாக உட்கார்ந்தாரா என்று சொல்லவும் அவரிடம் வார்த்தை இல்லை. அன்றைக்கு எனக்கு உன் மேல் வந்த கோபத்தைப் போல யார் மேலும் வந்ததில்லை.

இங்கே இருக்கிற உன் துறை அலுவலகத்துக்கும் போய்ப் பார்த்தேன். அடுத்த கணக்கெடுப்பு வரை எதையும் மாற்ற முடியாதாம். எடுத்த கணக்கே தவறு என்று துறைக்குள் இருக்கிற யாராவது காரணத்தோடு எழுதிக் கொடுத்தால் மட்டும் திரும்ப வந்து கேட்பார்களாம். நாங்கள் எழுதிக் கொடுத்தால் போதாதா என்றேன். பார்க்கலாம் என்றார் அங்கிருந்த அதிகாரி. சரி, அதையாவது செய்வோம் என்று மனு எழுதித் தெருவில் கையெழுத்துக்கு அலைந்தேன். பொய் சொன்னோம்னு கையெழுத்துப் போட்டா பாப்பா வேலைக்குத்தானே ஆபத்து, அந்தப் பாவம் நமக்கு வேணாம்மா என்று கடைக்காரர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாடி வீட்டு அக்காவும் அதையேதான் சொன்னாள். இவர்கள் அன்பைத் தூக்கி எங்கே கொண்டுபோய்ப் போட! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆகவே, நீதான் சொல்ல வேண்டும். என் தெரு என் முகத்துக்காக எண் போட்டுவிட்டது, அதைத் தள்ளிவிட்டு மறுபடி கேளுங்கள் என்று உன் மேலதிகாரியிடம் நீயே எழுதிக் கொடு. சிரிப்பார்கள். நீதான் சொல்லிக்கொடுத்தாயா என்றும் கேட்பார்கள். வரப்போகிறது என்று நீ சொன்ன பதவி உயர்வு வராமலும் போகலாம். நீ அந்த வேலைக்கு எவ்வளவு பாடுபட்டாய் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பெற்றவள் கேட்கக்கூடாததைக் கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

அப்பாவுக்காகச் செய் என்று எழுதினால் உனக்குத் தட்ட மனசு வராது. அப்படியே எழுதி முடித்துவிடலாம் என்றும் பார்த்தேன். ஆனால் பாதிதான் அவருக்காக. என்னால் தனியாக முடியவில்லை, பாப்பா. அந்த டேப்லெட் பெண் திரும்ப வந்து கேட்டாலும் அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்பது என்றுதான் வாயில் வரும். அதனால் உனக்கு மட்டும் எழுதிவிடுகிறேன். என் எண் இரண்டு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்த வேலை இருந்தாலும் சரி, இல்லாமல் போனாலும் சரி, நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இதைப் போனில் சொல்ல வெட்கப்பட்ட
உன் அம்மா