'நல்ல பிள்ளை' என்று சொல்லாதீர்கள்

ஜனவரி 11

பக்கத்து வீட்டு மோண்டே வந்திருந்தாள். செபிசோ தண்ணீர் கொண்டுவந்து, மண்டியிட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் பெரியவர்கள் குடித்து முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதில்லை.

"எங்கேடி புடிச்சே இப்படி ஒரு பிள்ளைய? என் வீட்டுல மூணு இருக்கு, மூணும் குரங்கு. ஒரு மாசம் அனுப்பி வைக்கறேன், பழக்கிக் குடு" என்றாள் மோண்டே.

சிரித்து வைத்தேன். ஏன் சிரித்தேன்? தம்ளரைப் பிடுங்கி வாசலில் கொட்டியிருக்க வேண்டும்.

எட்டு வயது. செப்டம்பரில் நலத்துறைக்காரர்கள் வளர்க்கச் சொல்லி எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட 'வேண்டாம்' என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை. வெளுக்கும் முன்னே எழுந்து முற்றத்து மணலைப் பெருக்குகிறாள். படுத்துக்கோ என்றால் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு படுக்கிறாள். தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கிறாள். நின்றுகொண்டே சாப்பிடுகிறாள்.

நல்ல பிள்ளையாம்.

ஜனவரி 16

பள்ளி திறந்துவிட்டது. சீருடைகள் குவிந்துகிடக்கின்றன. தைத்ததையெல்லாம் தேய்த்து மடித்துக் கொடுக்கலாம் என்று பின்வாசலில் கரி இஸ்திரிப்பெட்டியைப் பற்றவைத்தேன். கங்கு சிவந்ததும் மூடியைப் போட்டுத் திரும்பினால் செபிசோ நிற்கிறாள். காலடியில் மணல் நனைந்திருந்தது. சத்தமே இல்லை. பாவாடையைக் கழற்றி அதைக்கொண்டே தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

குளிப்பாட்டும்போது முதுகைப் பார்த்தேன். நான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கோப்பில் 'பழைய தீக்காயம்' என்று இரண்டே வார்த்தை. எதனால் என்று எவனும் எழுதவில்லை. இன்றுதான் தெரிந்தது. முனை கூர்ந்து, பின்னால் அகன்று — என் கையில் இருந்த பெட்டியின் அதே வடிவம். மூன்று இடத்தில்.

மூன்று! ஒரு தடவை என்றால் கைதவறிப் பட்டது என்று யாராவது சொல்லலாம். மூன்று முறை எடுத்து எடுத்து வைத்திருக்கிறாள், சண்டாளி. இங்கே வருமுன் இவளை வைத்திருந்த அத்தை நோசிகு. தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசை. அவள் வாயில் கங்கை அள்ளிப்போட்டால் என்ன?

பேனா தாளைக் கிழிக்கிறது. நிறுத்துகிறேன்.

ஜனவரி 17

பெட்டியை என் வீட்டுக்காரர் முபிட்டா கடைத்தெருவுக்குக் கொண்டுபோய் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார். இனிமேல் சீருடைகள் கசங்கியே போகட்டும்.

பிப்ரவரி 3

முபிட்டாவோடு சண்டை. செபிசோ நின்று சாப்பிடுகிறாள் என்று ஒரு வாரமாக இவரும் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். பகல் முழுக்கப் படகு ஓட்டிவிட்டு, காலெல்லாம் வீங்கி வந்து, தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சுவரோரம் நிற்கிறார்.

"வீடா இது, குதிரை லாயமா?" என்றேன்.

"அவ உக்காரும்போது நான் உக்காந்துக்கறேன்."

"அவளுக்கு அறுபது வயசானாலும் நிப்பீங்களா?"

"அதுவரைக்கும் நான் எங்க இருக்கப்போறேன்? நீ நின்னுக்கோ."

இவருடைய பொறுமை எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கத்த வேண்டாமா இந்த மனுஷன்? யாரையாவது போய் உதைக்க வேண்டாமா? பதினைந்து வருடம் பிள்ளை இல்லை என்று ஊரே பேசியபோதும் இப்படித்தான், வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ராத்திரி நானும் நின்றுதான் சாப்பிட்டேன். பிரிம் மீனில் முள் அதிகம். நின்றுகொண்டு முள் எடுப்பது கஷ்டம்.

பிப்ரவரி 27

இன்று உட்கார்ந்தாள். பாயின் ஓரத்தில், அரை உடம்பு மட்டும். முபிட்டாவின் கால் வீக்கத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு உட்காருவதும் ஒரு வேலை.

மார்ச் 5

நான் சந்தையிலிருந்து வருவதற்குள் முடித்துவைத்த பாவாடை ஒன்றைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிவைத்திருந்தாள். நகம் அகலத்துக்குத் துண்டுகள். இரண்டு நாள் வேலை. ஏன், எதற்கு ஒன்றும் தெரியாது.

"என்னடி செஞ்சு வெச்சிருக்கே!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

உள்ளே போனாள். முபிட்டாவின் பெல்ட்டை எடுத்துவந்தாள். மண்டியிட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். தண்ணீர் கொடுப்பதைப் போலவே. பிறகு குப்புறப் படுத்து, சட்டையைத் தானே தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"எத்தனைன்னு சொல்லிடுங்க. நானே எண்ணிக்கறேன்."

இதை எழுதித்தான் ஆகவேண்டும். பெல்ட் என் கையில் இருந்தது. ஒரு நொடி — அடிக்க வேண்டும் என்று என் கைக்குத் தோன்றியது. எனக்குத்தான். அந்த நோசிகுவுக்கு அல்ல, எனக்கு. அப்படிப் படுத்துக்கிடக்கிற பிள்ளையைப் பார்த்தால் அடிக்கத் தோன்றும்படி அவளைப் பழக்கிவைத்திருக்கிறார்கள். அப்படியா? இல்லை, நான் எனக்கே சாக்குச் சொல்லிக்கொள்கிறேனா?

பெல்ட்டைக் கூரைமேல் வீசினேன். "இந்த வீட்டுல எண்ணற வேலை கிடையாது. எழுந்திரு" என்றேன். எழவில்லை. இன்னும் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று நினைத்திருப்பாள். அவள் பக்கத்தில் நானும் குப்புறப் படுத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. தரை குளிர்ந்துகிடந்தது. முபிட்டா வந்து பார்க்கும்போது இரண்டு பேரும் அப்படியே தூங்கிப்போயிருந்தோம்.

"என் பெல்ட் எங்க?" என்று கேட்டார் பாவி மனுஷன்.

மார்ச் 22

அவள் வந்தாள். நோசிகு. ஒரு உயிர்க்கோழியையும் ஒரு பை முந்திரிக்கொட்டையையும் எடுத்துக்கொண்டு, முதுகில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு. என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். செபிசோ அடுப்பங்கரையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"என் தம்பி மகளைப் பாத்துக்கிட்டதுக்குக் கடவுள் உங்களுக்குக் குடுப்பாரு. இனிமே நாங்களே வெச்சுக்கறோம். எனக்கும் குழந்தை பொறந்திருக்கு, கைக்கு உதவியா இருப்பா."

"அவ முதுகுல இருக்கறது என்ன?" என்றேன்.

"ஐயோ, அதுவா? படுக்கையில ஒண்ணுக்குப் போவா. இப்பப் போறாளா? இல்லைல்ல?"

கோழியைத் தூக்கி வெளியே எறிந்தேன். அவளையும் எறிந்திருப்பேன், முதுகில் குழந்தை இருந்தது. எழுந்து போகும்போது அமைதியாகச் சொன்னாள்: "ரத்தம் எங்க ரத்தம். கோர்ட்டுல மனு குடுத்தாச்சு."

இரவு செபிசோ மறுபடி நின்றுகொண்டு சாப்பிட்டாள். முபிட்டாவும் தட்டோடு எழுந்து நின்றார்.

மார்ச் 24

நலத்துறை லிகாண்டோ அம்மாவைப் போய்ப் பார்த்தேன். செபிசோவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டவர் இவர்தான்.

"சொந்தக்காரங்க கேட்டா கோர்ட் காது குடுத்துக் கேக்கத்தான் செய்யும்மா."

"காது குடுக்கட்டும். கண்ணையும் குடுக்கட்டும். முதுகைக் காட்டறேன்."

"யார் செஞ்சான்னு பிள்ளை சொல்லணுமே. அவ வாயே திறக்கறதில்ல. அந்த அம்மா, அடுப்புல விழுந்துட்டான்னு சொல்லிட்டா?"

"மூணு தடவை ஒரே மாதிரியா விழுவா?"

லிகாண்டோ அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க கோபம் எனக்குப் புரியுது. ஆனா விசாரணை அன்னைக்கு அங்க கத்தாதீங்க. கத்தினீங்கன்னா, இவங்க கையில பிள்ளைய எப்படிக் குடுக்கறதுன்னு கேப்பாங்க."

அதாவது, இரும்பை வைத்தவள் புன்னகையோடு நிற்கலாம். நான்தான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வழியெல்லாம் மணலை உதைத்துக்கொண்டே வந்தேன். செருப்பு அறுந்தது.

ஏப்ரல் 17

நாளைக்கு விசாரணை. செபிசோவிடம் சொல்லிவிட்டோம். "எந்தப் பாத்திரத்தை எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்று மட்டும் கேட்டாள். அனுப்பப்போகிறோம் என்று முடிவே கட்டிவிட்டாள். அனுப்பமாட்டோம் என்று சத்தியம் செய்ய எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? முபிட்டா சத்தியம் செய்தார். எனக்கு அவர்மேல்கூடக் கோபம் வந்தது.

ஏப்ரல் 18

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவைக்கிறேன், மறக்கக் கூடாது.

நீதிமன்றத்து நடையில் காத்திருந்தோம். நோசிகு வந்தாள், புதுத் தலைக்கட்டு. நேரே செபிசோவிடம் போய், "பிடி" என்று குழந்தையை நீட்டினாள். அவ்வளவுதான், ஒரே வார்த்தை. செபிசோ வாங்கிக்கொண்டாள். இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது.

நான் எழுந்தேன். லிகாண்டோ அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "விடுங்க. இப்படியே உள்ள போகட்டும். அவங்க பாக்கட்டும்."

ஒரு மணி நேரத்துக்குமேல். குழந்தை அவள் தோளில் கக்கியது. துடைத்துக்கொண்டாள். நான் என் கை நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்தேன்.

உள்ளே சின்ன அறை. மாஜிஸ்திரேட் ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், சளி பிடித்திருந்தது. "உக்காரும்மா" என்றார் செபிசோவிடம். செபிசோ உட்காரவில்லை. நோசிகுவின் முகத்தைப் பார்த்தாள். நோசிகு லேசாகத் தலையசைத்தாள். அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்தினார்.

"உங்களைக் கேக்காம உக்காரமாட்டாளா?"

நோசிகுவுக்கு முகமெல்லாம் பெருமை. "மாட்டா. ஒரு பார்வை போதும். நான் பழக்கினது அப்படி. இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை இப்படி இருக்கு, சொல்லுங்க?"

"வரும்போதே இப்படித்தான் இருந்தாளா?"

"எங்கே! அம்மா செத்து வந்தப்போ சரியான பிடிவாதம். அழுகை, படுக்கைய நனைக்கறது. எல்லாத்தையும் நான்தான் மாத்தினேன்."

மாஜிஸ்திரேட் மருத்துவர் அறிக்கையைப் புரட்டினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். குரல் உயரவே இல்லை. "முதுகுல இருக்கறதும் நீங்க மாத்தினதுதானா?"

அடுப்பில் விழுந்தாள் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இவ்வளவு நேரம் தன்னைப் பாராட்டியதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள் போல.

"சொன்னாக் கேக்கலைன்னா வேற என்ன செய்யறதும்மா? மூணாவது தடவைக்கப்புறம் நனைக்கவே இல்ல."

நான் கத்தவில்லை. நாக்கைக் கடித்ததில் ரத்தம் வந்தது.

முபிட்டா எழுந்தார். இந்த மனுஷன் என்ன செய்யப்போகிறார் என்று பயந்தேன். செபிசோவிடமிருந்து குழந்தையை மெல்ல வாங்கி, நோசிகுவின் மடியில் வைத்தார். "உங்க பிள்ளைய நீங்க வெச்சுக்கங்க" என்றார். "இவ எங்க பிள்ளை." பதினைந்து வருடத்தில் அவர் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. இவருக்குக் கோபமே வராது என்று இத்தனை நாள் எழுதி எழுதி வைத்திருக்கிறேனே!

மனு தள்ளுபடி. செபிசோ எங்களோடு இருப்பாள், தத்து ஆணை வரும். காயத்தைப் பற்றிய தாள்கள் போலீசுக்குப் போகும்.

ஏப்ரல் 19

சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. நோசிகுவின் கைக்குழந்தையை நினைத்துக்கொண்டே கிடக்கிறேன். அது வளர்ந்து, படுக்கையை நனைக்கும். லிகாண்டோ அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அந்த வீட்டுக்கும் மாதாமாதம் போவேன் என்றார். போகாவிட்டால் நான் போவேன்.

ஜூன் 8

தத்து ஆணை வந்தது. போலீஸ் வழக்கு இன்னும் இழுக்கிறது. நோசிகுவைத் தேவாலயத்தில் இன்னும் முன்வரிசையில்தான் நிறுத்துகிறார்கள். நாங்கள் அங்கே போவதை விட்டுவிட்டோம். "மன்னிக்கப் பழகிக்கோ" என்று மோண்டே சொன்னாள். "உன் மூணு குரங்குல ஒண்ணை அவகிட்ட அனுப்பு, அப்புறம் பேசலாம்" என்றேன். இரண்டு நாளாகப் பேச்சில்லை.

ஜூலை 2

செபிசோ கனவில் கத்துகிறாள். முன்பெல்லாம் சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். இப்போது வீடே விழிக்கிறது. நல்லதா கெட்டதா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 12

விடுமுறை. காலையில் செபிசோவுக்குத் தலை பின்ன உட்கார்ந்தேன். பாதி முடிந்திருந்தது. திடீரென்று தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

"போதும்! நீ இழுக்கற இழுப்புல மண்டையே கழண்டு வந்துரும்! உனக்குத் துணிதான் தைக்கத் தெரியும், தலை பின்னத் தெரியாது!"

"அடியே, உக்காருடி. பாதித் தலையோட எங்கே போறே?"

"மாட்டேன்! நீ பின்னவே வேண்டாம்!"

சீப்பைப் பிடுங்கி மாமரத்துப் பக்கம் எறிந்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. ஒன்றரை மணி நேரம் முதுகு ஒடிய உட்கார்ந்திருக்கிறேன், என்ன வாய் இந்தப் பெண்ணுக்கு!

பிறகு மாமரத்தடியில் சீப்பைத் தேடும்போதுதான் உறைத்தது: 'வேண்டாம்' என்றாள்.

மதியம் முபிட்டா வந்தார். ஒரு பக்கம் வரிசை வரிசையாய்ப் பின்னலும் மறுபக்கம் புதருமாக அவள் கொய்யா தின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "என்ன ஆச்சு?" என்று காதோடு கேட்டார்.

"சண்டை."

"யாருக்கும் யாருக்கும்?"

"எனக்கும் என் மகளுக்கும். நீங்க நடுவுல வராதீங்க."

சாயங்காலமாகிவிட்டது. இன்னும் உர்ரென்றுதான் இருக்கிறாள். மன்னிப்புக் கேட்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன். "அப்புறம்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நானும் கோபமாகத்தான் இருக்கிறேன். இன்னும் ஒரு தடவை கூப்பிடுவேன், அவ்வளவுதான்.