காது நமைச்சல்

ரெம்பாவ் எஸ்டேட்
10.6.1943

அன்புள்ள சன்னாசிக்கு,

ஆம்புரோஸ் கிராணி எழுதுவது. நீ ரயில்பாதை போடும் வேலைக்குச் சயாமுக்கு ரயிலேறி ஒரு மாதமாகிறது. உன் பெண்சாதி ராக்கம்மா மரவள்ளிக் கிழங்கை அவித்து, தான் பாதி தின்று உன் தம்பிக்குப் பாதி போடுகிறாள். அந்தப் பயல் முனியாண்டி தினமும் நான் கணக்கெழுதும் ஆபீசுக்கு வந்து, "நானும் அண்ணன்கிட்ட போறேன் கிராணியாரே" என்று பிடுங்கியெடுக்கிறான். "உன் அண்ணன் எழுதினால்தான் உன் பெயரைச் சேர்ப்பேன்" என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

நேற்று சிரம்பான் திடல் வழியாக வந்தேன். அங்கேயும் மரவள்ளி நட்டுவிட்டார்கள். நீ ஏழு விக்கெட் எடுத்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். ரப்பர் பால்மரம் வெட்டுகிறவன் பந்து போடுவதா என்று சிரித்த துரைமார் அன்றைக்கு ஒவ்வொருவராக நடையைக் கட்டினார்கள். நீ காதைத் தடவினால் பந்து எதிர்ப்பக்கம் திரும்பும் என்பது, விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற எனக்கு மட்டும்தானே தெரியும். ஒன்றைக்கூட நான் கோட்டைவிட்டதில்லை. சீக்கிரம் வந்து சேர். உன் விரலை நம்பித்தான் நம்ம கிரிக்கெட் கட்சியே இருக்கிறது.

உன்
ஆம்புரோஸ்


சயாம் ரயில்பாதை முகாம்
19.7.1943

கிராணி ஐயாவுக்குச் சன்னாசி வணக்கம் சொல்லி எழுதுவது.

ஜப்பான்காரர்கள் எங்களை நல்லபடி வைத்திருக்கிறார்கள். மூன்று வேளையும் அரிசிச் சோறு, மீன். வேலை லேசு. நோயென்று ஒருவரும் படுக்கவில்லை. முனியாண்டியை உடனே அனுப்பிவையுங்கள்.

எனக்குக் காது மட்டும் ஓயாமல் நமைக்கிறது. அதைத் தடவிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். ஐயாவுக்குத் தெரியாததா?

சன்னாசி


ரெம்பாவ் எஸ்டேட்
25.8.1943

அன்புள்ள சன்னாசிக்கு,

உன் கடிதம் என் வயிற்றில் பால் வார்த்தது. ஜப்பான்காரன் பத்துப் பேர் கேட்டிருந்தான். ஒன்பது பேர்தான் தேறினார்கள். பத்தாவது ஆள் இல்லாவிட்டால் என்னையே லாரியில் ஏற்றிவிடுவேன் என்றான். அன்றைக்குத்தான் உன் கடிதம் கைக்கு வந்தது. ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்தேன். முனியாண்டி குதித்து முன்னால் வந்தான். ராக்கம்மாதான், "மூணு வேள சோறாம், மீனாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்தக் கடிதத்தை உன் தம்பி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உன் காதுக்கு ஒரு குப்பி வேப்பெண்ணெயும் இருக்கிறது. இளஞ்சூடாக்கி ஊற்று.

உன்
ஆம்புரோஸ்


சயாம்
5.12.1943

கிராணி ஐயாவுக்கு,

இங்கிருந்து தப்பி ஓடுகிற ஒருவன் இதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருகிறான்.

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் முனியாண்டி செத்துப்போனான். காலெல்லாம் புண், கடைசியில் வாந்திபேதி. அவன் கொண்டுவந்த எண்ணெயை அவன் காலிலேயே பூசினேன். என் வலதுகை ஆட்காட்டி விரலைப் பாறை நசுக்கிவிட்டது. இடது கையால் எழுதுகிறேன். இனிப் பந்து போட ஆகாது.

முனியாண்டி வந்து இறங்கிய அன்றைக்குச் சிரித்துக்கொண்டே, "காதுக்கு எண்ண குடுத்தாங்கண்ணே" என்று குப்பியை நீட்டினான். எனக்கு அதை வாங்கக் கை வரவில்லை. நான் காதைத் தடவியதை நீங்கள் பார்க்காமல் விட்டீர்களா, பார்த்தும் விட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே கல் உடைத்தேன். இப்போது கேட்பதில்லை.

ராக்கம்மாவிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு இனி எழுத வேண்டாம். ஆனால் இந்தக் கடிதத்தையும் பெரட்டில் சத்தமாக வாசியுங்கள். இங்கே ஒருவரும் வரக்கூடாது.

காது நமைக்கவில்லை. எழுதியதை எழுதியபடியே வாசியுங்கள்.

சன்னாசி