மூலைக்குப் போன ரோபோ

நிவித்திகல,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்க முழங்கால் வலி தேவலையா?

எங்க தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வண்டு மாதிரி ஒரு சின்ன ரோபோ குடுத்திருக்காங்க. முதுகுல உள்ள அம்புக்குறிய எத்தனை தடவை அமுக்குறோமோ, அத்தனை அடி போகும். நேத்து அதுல இருந்த பழைய கட்டளையெல்லாம் அழிச்சிட்டு, நேரா மூணு அடி போக அமுக்கினேன். மூணு அடி போனதும் அது தானா இடப்பக்கம் திரும்பி, யாருமில்லாத மூலையில போய் நின்னுச்சு. பிள்ளைங்க ஒதுங்கி வழி விட்டாங்க.

"ஏன் ஒதுங்குறீங்க?"ன்னேன்.

"இப்போ நிரோஷிகாவோட முறை, டீச்சர்"னு ஒரு பிள்ளை சொன்னா. நிரோஷிகா போன வருஷம் மண்சரிவுல செத்துப்போன பிள்ளையாம். நான் எடுக்கப் போறதுக்குள்ள, யாரும் தொடாமலே ரோபோ திரும்பி என்கிட்ட வந்துச்சு.

பேட்டரி கோளாறா இருக்கும், பயப்படாதீங்க. தங்கச்சிகிட்ட பெரிய டார்ச் ஒண்ணு குடுத்து, ரெண்டு நாளைக்கு இங்க அனுப்புங்க.

இன்னைக்கு இடாப்பு பாத்துப் பிள்ளைங்க பேர் கூப்பிடும்போது நிரோஷிகா பேரையும் சேர்த்துக் கூப்பிட்டேன். "வந்திருக்கா டீச்சர்"னு எல்லாரும் சொன்னாங்க.

நான் தங்கியிருக்கிற இடத்துக்குப் போற பஸ் வந்துருச்சும்மா.

உங்க மகள்,
ஜெயரூபி